மலைக்குச் சரக்கு அனுப்புவோருக்கு டீசல் கணக்கு

ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் மளிகைச் சரக்கு அனுப்பும் நம் உறுப்பினர்கள் சிலர், "தரையில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டி, மலை ஏறும்போது ஐந்துகூடத் தருவதில்லையே" என்று டிரைவர் மீது சந்தேகப்படுகின்றனர். அதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இந்த 1,200 மீட்டரும் ஒரு டன் எடையைத் தூக்க ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் வேண்டும். டீசலின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இழுவையாக மாறுகிறது. மீதி புகைக்குழாயிலும் ரேடியேட்டரிலும் போய்விடும். எந்தக் கெட்டிக்கார டிரைவராலும் இதைப் பெரிதாகக் குறைக்க முடியாது. சமதளத்தில் ஓடுவதற்கு ஆகும் செலவு தனி.

வண்டியின் சொந்த எடை 2 டன், சரக்கு ஒன்றரை டன் என்று வைத்துக்கொள்வோம். தூக்குவதற்கு மட்டும் மூன்றரை லிட்டர் ஆகும். 50 கிலோ மூட்டை முப்பது ஏற்றினால், மூட்டை ஒன்றுக்கு 117 மில்லி. பதினைந்து மூட்டையோடு அனுப்பினால் அதுவே 183 மில்லி! வண்டியின் எடை குறைவதில்லை அல்லவா? உப்பு மூட்டையில் நமக்குக் கிடைப்பதே சொற்பம். எனவே இரண்டு மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே நடையாக அனுப்புவதுதான் பெரிய சிக்கனம் என்பது என் கருத்து. அதற்காக அனுமதித்த பளுவுக்கு மேல் ஏற்றக் கூடாது. வாடகை பேசும்போதும் தூரத்தை மட்டும் பாராமல் எடையைப் பார்த்துப் பேசுவதே நியாயம்.

இனி டிரைவர் கையில் உள்ளது. ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. வளைவின் நடுவே இன்ஜின் திணறிய பிறகு கியரைக் குறைப்பது வீண். வளைவுக்கு முன்பே குறைத்து, ஒரே சீராக ஏற வேண்டும். பெரிய கியரில் வைத்து ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் கரும்புகை வரும். அது சரியாக எரியாத டீசல். சின்ன கியரில் அலறவிடுவதும் நஷ்டமே. சீராக ஓட்டியும் புகை நிற்கவில்லை என்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

குறுகிய மலைப்பாதையில் இறங்கும் வண்டி ஒதுங்கி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஏற்றத்தில் நின்று புறப்பட்டால் டீசலோடு கிளட்ச்சும் தேயும்.

வாழைத்தார், பலா ஏற்றித் திரும்பும்போது சிலர் நியூட்ரலில் விடுகின்றனர். கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே, வண்டி உருளும் வேகத்தில் இன்ஜினுக்கு டீசல் ஏறக்குறைய நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை ஓட்ட டீசல் செலவாகும். பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள்.