பச்சை விளக்கு எரிகிறது, குரல் வரவில்லை

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அலுவலகம் ஒரு ஐ.பி. போனைக் கொடுத்தனுப்புகிறது. ரவுட்டரில் கேபிளைச் செருகினால் அலுவலக எக்ஸ்டென்ஷன் வீட்டு மேசைக்கே வந்துவிடும். தகராறு தொடங்கியதும் முதல் பழி போன்மீது விழும். அதை மாற்றுவார்கள், புதிய போனிலும் அதே தொல்லை. பழுது எங்கே என்பதை அதன் அறிகுறியே பெரும்பாலும் சொல்லிவிடும். அதைக் கவனிக்க விடாமல் சில நம்பிக்கைகள் குறுக்கே நிற்கின்றன.

‘ரிஜிஸ்டர் ஆகியிருக்கிறதே, அப்புறம் லைன் சரிதான்’

பாதிதான் சரி. இந்த போன்களில் இரண்டு தனித்தனிப் போக்குவரத்துகள் உண்டு. போனை அலுவலக சர்வரில் ரிஜிஸ்டர் செய்வது, அழைப்பை ஏற்படுத்துவது, மணி அடிப்பது, துண்டிப்பது எல்லாம் எஸ்.ஐ.பி.யின் வேலை, வழக்கமாக 5060ஆம் போர்ட்டில் நடக்கும். குரல் போவது ஆர்.டி.பி. என்ற வேறு வழியில், வேறு போர்ட்களில். ஆஸ்டெரிஸ்க் சர்வரின் மாதிரி அமைப்பில் அவை 10000 முதல் 20000 வரை. முதல் வழி திறந்து இரண்டாவது அடைபட்டிருந்தால் மணி அடிக்கும், எடுக்கலாம், பேச்சு மட்டும் இருக்காது.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதென்றால், எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள். அழைப்புச் செய்திக்குள் ‘குரலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று ஒரு வரி இருக்கும். சர்வர் லாக்கில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். போன் அனுப்பிய செய்தியில் 192.168.1.20 போல ஒன்று இருந்தால், அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. சர்வர் அதை அப்படியே நம்பினால் வீட்டில் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. அவர் பேசுவது மட்டும் அலுவலகத்தில் கேட்கும். பாக்கெட் வந்த முகவரிக்கே குரலைத் திருப்பி அனுப்பச் சொல்லி சர்வரில் அமைத்தால் இது தீரும். வீட்டிலிருந்து பேசுவது அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லையா? சர்வர் தன் உள்முகவரியைச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். அதன் வெளிமுகவரி அமைப்பைப் பாருங்கள்.

‘நடுவில் கட் ஆகிறது, வேகமான திட்டத்துக்கு மாறுங்கள்’

வீண் செலவு. ஜி.711 கோடெக்கில் ஒரு அழைப்புக்கு, பாக்கெட்டுகளின் மேலுறையையும் சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு சுமார் 87 கிலோபிட் போதும். 100 மெகாபிட் இணைப்பில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. குரலுக்கு வேண்டியது சீரான வரத்து: 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், நொடிக்கு 50. வீட்டில் யாராவது பெரிய வீடியோவை அப்லோட் செய்தால் குரல் பாக்கெட்டுகள் ரவுட்டரில் வரிசையில் மாட்டிக்கொள்ளும், எதிர்முனையில் குரல் உடைந்து கேட்கும். வேகச் சோதனையின் எண்ணில் இது தெரியாது. அப்லோட் நடக்கும்போதே பிங் கொடுத்துப் பார்த்தால் தெரியும்.

அழைப்பே முழுவதுமாகத் துண்டிக்கப்படுகிறது என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 32 விநாடியில் போகிறதா? 2002இல் வெளியான எஸ்.ஐ.பி. தரத்திலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. அழைப்பை எடுத்த பக்கம் ‘ஓகே’ அனுப்பி, அதற்கான ஒப்புதல் வரவில்லையென்றால் 500 மில்லிசெகண்டின் 64 மடங்கு, அதாவது 32 விநாடி, காத்திருந்துவிட்டு அழைப்பை முடித்துவிடும். பெரும்பாலும் ஒப்புதல் தவறான முகவரிக்குப் போயிருக்கும். 15 நிமிடத்தில் போகிறதென்றால் 1800 விநாடி செஷன் டைமரைச் சந்தேகியுங்கள். பாதி நேரத்தில் செய்யவேண்டிய புதுப்பித்தலுக்குப் பதில் வந்திருக்காது.

‘ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, எனவே போன்தான் கோளாறு’

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். போனிலிருந்து வெளியே கூப்பிட முடியும், உள்ளே வரும் அழைப்பு மட்டும் வராது. மணியே அடிக்காத அழைப்பை எடுக்கவில்லை என்று ஊழியர் திட்டு வாங்குவார். பல ரவுட்டர்கள் சும்மா கிடக்கும் யு.டி.பி. வழியை 30 விநாடியிலேயே மூடிவிடும். போனோ 3600 விநாடிக்கு ஒருமுறைதான் ரிஜிஸ்டர் செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்ததும் வழி திறக்கிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடிக்கொள்கிறது. வழியைத் திறந்தே வைக்க போன் அனுப்பும் கீப்-அலைவ் செய்தியின் இடைவெளியை 20 விநாடி அளவில் வைத்தால் வழி மூடாது.

‘ரவுட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. ஆன் செய்தால் போனுக்கு நல்லது’

உதவத்தான் அதை உருவாக்கினார்கள். ஆனால் அது அழைப்புச் செய்தியைத் திறந்து முகவரிகளைத் திருத்துகிறது. பல வீட்டு ரவுட்டர்களில் அரைகுறையாகத் திருத்துகிறது. அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லாவிட்டால் டி.எல்.எஸ். மூலம் 5061ஆம் போர்ட்டுக்கு மாறுங்கள். ரவுட்டரால் செய்தியைப் படிக்கவே முடியாது.

‘ரிஜிஸ்டரே ஆகவில்லை, வீட்டு இன்டர்நெட் சரியில்லை’

இணையத்தில் மற்றதெல்லாம் ஓடும்போது இப்படிச் சொல்வதில் பொருளில்லை. அதே எக்ஸ்டென்ஷனை ஒரு சாஃப்ட்போன் செயலியில் போட்டு, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் முயலுங்கள். உடனே ரிஜிஸ்டர் ஆனால், சர்வர் அந்த வீட்டை மட்டும் தடுத்திருக்க வாய்ப்புண்டு. பல சர்வர்களில் ஃபெயில்டூபான் போன்ற காவல் நிரல் இருக்கும். பழைய பாஸ்வேர்டோடு ஒரு போன் சில முறை தட்டினாலே அந்த ஐ.பி. முகவரி முழுவதையும் அது தடைசெய்துவிடும். பதிலே அனுப்பாமல் தடுப்பதும் உண்டு; அப்போது வீட்டிலிருந்து பார்த்தால் சர்வர் செத்துக் கிடப்பதுபோலவே தோன்றும். டெக்னீஷியனை அனுப்புவதற்கு முன் அந்தத் தடைப்பட்டியலைத் திறந்து பாருங்கள்.