ரோடு யாருக்காகப் போடுறாங்க?



ரோடு, பஸ் என்றாலே "அது ஆம்பளைங்க பேசுற விஷயம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அதிகம் நடப்பதும், ஸ்டாப்பில் காத்து நிற்பதும் நாம்தானே? ஆண்கள் பெரும்பாலும் வீடு விட்டால் வேலை, வேலை விட்டால் வீடு. நமக்கு அப்படியா? பிள்ளையைப் பள்ளியில் விடணும், ரேஷன் வாங்கணும், ஆஸ்பத்திரி போகணும், குழுப் பணத்தை பேங்கில் கட்டணும். வண்டி வேகமாகப் போவதை மட்டும் நினைத்துப் போடும் ரோட்டில் இந்த நடைக்கெல்லாம் இடமே இல்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை போகும் ஓசூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

புதுக்கோட்டை சொல்லும் பாடம்

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பொருளை விற்றார்கள், தண்ணீர் கொண்டு வந்தார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை.

டிக்கெட் மட்டும் போதுமா?

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பக்கத்துக் கர்நாடகாவில் 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்தது. அது அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும். நல்ல திட்டங்கள்தான். ஆனால் இலவசம் என்றாலும் பஸ் நேரத்துக்கு வரணும். பஸ் வந்தாலும் ஸ்டாப் வரை பயமில்லாமல் நடக்கணும். யானை நடமாடும் நம் அஞ்செட்டிப் பக்கம் இருட்டில் வெளிச்சம் இல்லை என்றால், மாலை ஷிப்ட் வேலையே பெண்ணுக்கு எட்டாமல் போய்விடும்.

என்ன செய்யலாம்?

அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன், நான்கைந்து பேராக ஸ்டாப் வரை நடந்து பாருங்கள்.

1. எங்கே விளக்கு இல்லை?
2. மழையில் எங்கே சேறு?
3. ஸ்டாப்பில் நிழல், உட்கார இடம் உண்டா?
4. கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

எழுதி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். தெருவிளக்கும் ஊர்ப் பாதையும் ஊராட்சியின் பொறுப்பு. கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பஸ் நேரத்துக்குப் போக்குவரத்துக் கழகக் கிளையில் மனு கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது.

ஒருத்தி கேட்டால் புலம்பல். இருபது பேர் கையெழுத்துப் போட்டால் அது கோரிக்கை!