சீல் மாற்றியும் எண்ணெய் ஒழுகுகிறதா?
கார் மெக்கானிக்குகளுக்கு ஒரு வேலை வழிகாட்டி

ஆரணியில் கார் ஷெட் வைத்திருப்பவருக்குப் பட்டு வியாபாரிதான் நல்ல வாடிக்கையாளர். சேலைக் கட்டுகளோடு செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம், கண்ணமங்கலம் வழியாக வேலூர் என்று அவர் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அவரே, "போன மாசம்தானே சீல் மாத்தினீங்க? மறுபடியும் தரையில எண்ணெய் நிக்குதே" என்று வந்து நின்றால், நஷ்டம் அந்த ஒரு கூலியோடு முடியாது. அவர் சொல்லி வந்த வண்டிகளும் வேறு ஷெட் தேடிப் போகும்.

கிராங்கின் பின்பக்க ஆயில் சீலுக்கு விலை குறைவு, உழைப்புதான் அதிகம். கியர் பாக்ஸை இறக்காமல் அதைத் தொட முடியாது. தறியில் ஒரே இடத்தில் பாவு இழை திரும்பத் திரும்ப அறுந்தால், நெசவாளர் முடிச்சுப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க மாட்டார், இழைகள் நுழையும் சீப்பான பண்ணையைப் பார்ப்பார். சீல் விஷயமும் அதுதான். இரண்டாவது முறை ஒழுகினால், சீலைக் கெடுப்பது எது என்று தேடுங்கள்.

1. கழுவிவிட்டுப் பாருங்கள்

பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டினாலே கிராங்க் சீல்தான் என்று முடிவுகட்டாதீர்கள். டேப்பட் கவர் பேக்கிங், கேம் சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச் எதில் கசிந்தாலும் எண்ணெய் பிளாக் வழியாக வழிந்து அங்கேதான் சேரும். எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்து, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ, அதுதான் கசிவின் தலை. மேலிருந்து கீழே பாருங்கள்.

சொட்டும் எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில். கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. கிராங்க் சீலைக் குறை சொல்லிப் பயனில்லை.

2. உள்ளழுத்தத்தைச் சோதியுங்கள்

புதுச் சீல் சீக்கிரம் தோற்பதற்குப் பலரும் கவனிக்காத காரணம் இது. பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கும் வாயு, பி.சி.வி. வால்வு, பிரீதர் ஓஸ் வழியாக வெளியேற வேண்டும். அங்கே அடைப்பு இருந்தால் அழுத்தம் ஏறி, இருப்பதிலேயே பலவீனமான சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும்.

பெட்ரோல் காரை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்தத் துளையின் வாயில் ஒரு தாளை வையுங்கள். நல்ல எஞ்சின் தாளை லேசாக இழுத்துப் பிடிக்கும். தாள் எகிறினால் முதலில் வால்வையும் ஓஸையும் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். அதன் பிறகும் புகையோடு தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கலாம்; கம்ப்ரஷன் பார்க்காமல் சீல் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

3. இறக்கியபின் நகத்தால் தடவுங்கள்

பழைய சீலை எடுத்ததும், அதன் உதடு உரசிய இடத்தில் ஷாஃப்ட்டின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கினால் பள்ளம் விழுந்திருக்கிறது. அதே தடத்தில் எத்தனை புதுச் சீல் போட்டாலும் நிற்காது. இடம் இருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம்; இல்லையென்றால் ஷாஃப்ட்டின் மேல் ஏற்றும் மெல்லிய ரிப்பேர் ஸ்லீவ் போடலாம். எமெரி தாளால் கண்டபடி தேய்க்காதீர்கள். சாய்வாக விழும் கீறல்கள் திருகு மரை போல எண்ணெயை வெளியே இழுத்துவிடும்.

கிராங்கை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் குறை மெயின் பேரிங்கில் இருக்கிறது.

4. போடும் முறை

ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். ரப்பர் சீலின் உதட்டில் எஞ்சின் ஆயில் தடவிப் போடுங்கள். பிளாஸ்டிக் வழிகாட்டி வளையத்தோடு, ஸ்பிரிங் இல்லாமல் வரும் பி.டி.எஃப்.இ. சீலைப் பொதுவாகக் காய்ந்தபடியே போட வேண்டும். உடனே ஸ்டார்ட் செய்யவும் கூடாது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைப் பெட்டியிலுள்ள தாளைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். சுத்தியலால் ஓரத்தில் தட்டினால் சீல் கோணலாக இறங்கும். சரியான அளவு வளையத்தை வைத்துச் சமமாக அழுத்துங்கள்.

கியர் பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், இன்புட் ஷாஃப்ட் சீல் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் ஊறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

5. எழுதிக் கொடுங்கள்

"சீல் மாத்தினா சரியாயிடும்" என்று வாய்வார்த்தை தராதீர்கள். சோதனைக்குத் தனிக் கூலி, பழுதுக்குத் தனிக் கூலி என்று முதலிலேயே சொல்லுங்கள். ஈரக்கோடு, ஷாஃப்ட் பள்ளம் இரண்டையும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். பழைய சீலை உரிமையாளர் கையில் கொடுங்கள். பில்லில் என்ன மாற்றினீர்கள், எதை அவர் வேண்டாம் என்றார் என்று இரண்டையும் எழுதுங்கள். கூலி வாங்கிச் செய்யும் வேலையில் குறை இருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவர் புகார் செய்யலாம். அன்று உங்களுக்குத் துணை அந்தப் பில்தான்.

6. கைத்தொழிலுக்குச் சான்றும் வேண்டும்

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பில் சேரலாம். ஷெட்டிலேயே தொழில் கற்றவர்களுக்கு, முன்திறனைச் சோதித்துச் சான்று தரும் அரசுத் திட்டமும் இருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை கேட்கும்போது இந்தச் சான்று கைகொடுக்கும். நேர்முகத் தேர்வில், திரும்பத் திரும்ப ஒழுகிய ஒரு வண்டியில் காரணத்தை எப்படிப் பிடித்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். பார்ட்ஸ் மாற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வருவார்கள். பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளத்தைப் பேசி வாங்கும் இடம் இருக்கும்.