சரிவில் புல் வெட்ட எந்த மெஷின்?

ஏற்காட்டில் வீடோ, கொல்லிமலை அடிவாரத்தில் தோப்போ வைத்திருப்பவர்கள், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியை விலை பேசுமுன் சரிவை அளந்துவிடுங்கள். பத்தடிக் கழியின் ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டம் பார்த்துக் கிடையாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் நடுவே 2 அடி 8 அங்குலம் இருந்தால் சரிவு 15 டிகிரி. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லை அதுதான். அதற்குள் இருந்தாலும் மேலும் கீழுமாகவே ஓட்டவேண்டும்; குறுக்கே ஓட்டினால் வண்டி கவிழலாம். சரிவின் நடுவில் திருப்பவே கூடாது. ஈரப் புல்லில் சக்கரம் வழுக்கும், பனி காயட்டும்.

கல்லும் கரடுமான நம் பக்கத்து நிலத்துக்கு அந்தச் செலவே வீண் என்பேன். தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் போதும். டூ ஸ்ட்ரோக் என்றால் எடை குறைவு, ஆனால் பெட்ரோலில் ஆயில் கலக்கவேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால், எப்படிச் சாய்த்தாலும் ஓடும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். கல் கிடக்கும் இடத்தில் நைலான் கயிறு, முள்செடிக்கு பிளேடு. பிளேடு கல்லில் பட்டால் மெஷின் எகிறும்.

கீழிருந்து தொடங்கி, மேட்டுப்பக்கம் வலப்புறமாக இருக்கும்படி குறுக்கே நடந்து, வலமிருந்து இடமாக வீசுங்கள். வெட்டிய புல் பள்ளத்துப் பக்கம் விழும். கண்ணாடியும் பூட்ஸும் கட்டாயம். 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது.

மானியம் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.