இசைத்தட்டுப் பாட்டும் திரைப்பாட்டும் – ஓர் ஒப்புநோக்கு

படத்தில் கேட்ட பாட்டை வானொலியில் கேட்கும்போது, "இந்த அடி படத்தில் வரவில்லையே!" என்றோ, "படத்தில் இன்னும் நீளமாக இருந்ததே!" என்றோ நாம் வியந்ததுண்டு. பாடியவர் அவரே, மெட்டும் அதுவே. ஆயினும் பாட்டு சற்றே வேறாக இருக்கிறது. இது பிழையா? இல்லை. ஒரே பாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் இருப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அவ்வடிவங்கள் ஏன் தோன்றின, அவற்றை எப்படி ஒப்பிட்டுக் கேட்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காலை வழிபாட்டில் நாம் பாடும் பாட்டில் பல்லவியும் ஒரு சரணமும்தான் வரும். முதல் வகுப்புக்கு மணி அடிப்பதற்குள் முடித்தாக வேண்டுமே! அதே பாட்டை ஆண்டு விழாவில் ஆர்மோனியத்துடன் எல்லாச் சரணங்களையும் சேர்த்துப் பாடுகிறோம். காலையில் பாடியது குறைப் பாட்டு என்று யாரும் சொல்வதில்லை. காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ற அளவில் அதைப் பாடினோம், அவ்வளவே.

தட்டு வகுத்த எல்லை

நம் நாட்டில் இசையைத் தட்டில் பதியும் வேலை 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தொடங்கிற்று. பின்னர் பல்லாண்டுகள் வழங்கியது, அரக்கு கலந்து செய்த கறுப்புத் தட்டு. அது நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றேகால் நிமிடமே இசை அடங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 78-ஐ மூன்றேகாலால் பெருக்கினால் சுமார் 253 சுற்று. அந்த 253 சுற்றுக்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் யாவும் முடிந்துவிட வேண்டும். முடியாத பாட்டை இரு கூறாக்கி, முன்பாதியை ஒரு பக்கத்திலும் பின்பாதியை மறுபக்கத்திலும் பதிந்தார்கள். பாட்டு நடுவில் நின்றதும், எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும்!

1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றரைக்கும் சற்றுக் குறைவாகச் சுழலும் நீண்ட நேரத் தட்டை வெளியிட்டது. இதுவே எல்.பி. எனப்பட்டது. இதன் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலும் இசை கேட்கலாம். மறு ஆண்டில் 45 சுற்றுத் தட்டும் வந்தது. நம் ஊரில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாடல்கள் அடங்கிய ஈ.பி. தட்டைப் பலரும் விரும்பி வாங்கினர்.

மேனாட்டில் சிறிய தட்டும் பெரிய தட்டும் ஒருங்கே விற்பனையானபோது, ஒரே பாட்டு இரண்டு அளவுகளில் வெளிவரலாயிற்று. டோர்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவின் 'லைட் மை ஃபயர்' பாட்டு, 1967-இல் எல்.பி. தட்டில் ஏழு நிமிடம் ஒலித்தது. வானொலி நிலையங்கள் மூன்று நிமிடப் பாட்டையே விரும்பியதால், இடையிலுள்ள வாத்திய இசையை வெட்டிச் சிறிய தட்டுக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவாக ஆக்கினார்கள். பீட்டில்ஸ் குழுவின் 'லெட் இட் பி' 1970-இல் சிறிய தட்டிலும் வந்தது, பெரிய தட்டிலும் வந்தது. இரண்டிலும் கிதார் தனித்து ஒலிக்கும் பகுதி வெவ்வேறானது. கூர்ந்து கேட்பவர்க்கே அது புலப்படும்.

மேடையிலிருந்து தட்டுக்கு

தமிழ்நாட்டில் இந்த ஒப்பீடு திரைப்படத்துக்கும் முந்தியது. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா நாடக மேடையில் பாடும்போது, அவையோர் "ஒன்ஸ்மோர்" கேட்கக் கேட்கப் பாட்டு நீண்டுகொண்டே போகும். அவர் 1933-இல் இளம் வயதிலேயே மறைந்தார். திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. விடிய விடிய நடந்த நாடகங்களில் அவர் பாடிய பாட்டுகளில் இன்று நமக்குக் கேட்கக் கிடைப்பவை அந்த மூன்று நிமிடத் தட்டுகளே. தட்டு பாட்டைச் சுருக்கியது உண்மை. ஆனால் அத்தட்டு இல்லையேல் அக்குரலே நமக்கில்லை. காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் இளமைக் குரலும் அவ்வாறே தட்டுகளால் நமக்கு வாய்த்தது.

பேசும் படம் வந்த தொடக்கக் காலத்தில் நடிகர்கள் காமிராவின் முன் நின்று தாமே பாடினர். பின்னர் இசைத்தட்டு நிறுவனத்துக்குச் சென்று அதே பாட்டை மறுபடியும் பாடினர். ஆகவே அக்காலப் பாட்டு பலவற்றில் படத்தில் இருப்பது ஒரு பதிவு, தட்டில் இருப்பது வேறொரு பதிவு. எம். கே. தியாகராஜ பாகவதரின் முதற்படமான 'பவளக்கொடி' (1934) ஏறத்தாழ 50 பாடல்கள் கொண்டது. பக்கத்துக்கு ஒரு பாட்டாக அத்தனையையும் பதிந்தால் 25 தட்டுகள் ஆகும். எந்த வீட்டில் வாங்குவார்கள்? எனவே சுருக்குவதும் தேர்ந்தெடுப்பதும் தவிர்க்க முடியாதவை ஆயின.

சேலத்தில் பிறந்த பாட்டு

பாட்டின் நீளம் மாறாவிட்டாலும் பொருள் மாறக்கூடும். அதற்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1935-இல் சேலத்தில் நிறுவியது மாடர்ன் தியேட்டர்ஸ். ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். அங்கிருந்து 1950-இல் வெளிவந்த 'மந்திரி குமாரி'யில், ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய புகழ்பெற்ற டூயட் ஒன்று உண்டு. தட்டில் மட்டும் கேட்பவர்க்கு அது இனிமையான காதற்பாட்டு. கணவனும் மனைவியும் உலாவப் போகிறார்கள் என்றே தோன்றும். படத்திலோ, கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் செல்வது அவளைத் தள்ளிக் கொல்லுவதற்காக! பின்னர் அவளே அவனைத் தள்ளிவிடுகிறாள். இதை அறிந்தபின் அப்பாட்டைக் கேட்டால் ஒவ்வோர் அழைப்பும் நம்மை நடுங்கச் செய்கிறது. தட்டு அப்பாட்டின் இனிமையைத் தருகிறது. படம் அதன் அச்சத்தைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் இசையமைப்பாளரின் திறமை முழுதும் விளங்கும்.

'பாலும் பழமும்' (1961) படத்தில் ஒரே பல்லவி மகிழ்ச்சியாக ஒருமுறையும் சோகமாக ஒருமுறையும் வருகிறது. அவ்விரண்டில் ஒன்றை மட்டும் கேட்டவர் அப்பாட்டில் பாதியைத்தான் அறிவார். 'திருவிளையாடல்' (1965) படத்தில் இறைவனே பாடகராகவும் பல வாத்தியக்காரராகவும் தோன்றும் பாட்டில், ஒரே திரையில் பல சிவாஜி கணேசன்களைக் காண்கிறோம். தட்டில் அந்தக் காட்சி இல்லை. டி. எம். சௌந்தரராஜனின் குரலும் வாத்தியங்களுமே அவ்வியப்பை உண்டாக்கியாக வேண்டும், உண்டாக்கவும் செய்கின்றன.

படத்தில் இல்லாத பாட்டு

தட்டில் இருந்து படத்தில் இடம்பெறாத பாட்டுகளும் உண்டு. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) தட்டில் எஸ். ஜானகி பாடிய 'புத்தம் புதுக் காலை' இருக்கிறது; படத்தில் இல்லை. 'தளபதி' (1991) படத்துக்காக யேசுதாசும் ஜானகியும் பாடிய ஒரு டூயட்டும் கேசட்டோடு நின்றுவிட்டது. காட்சியின் துணையின்றியே இவை மக்கள் மனத்தில் நிலைத்தன.

இதற்கு வானொலி பெருந்துணை செய்தது. 1952-இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானபின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, நம்மவர் இலங்கை வானொலியைத் திருப்பினர். 1957-இல் விவித பாரதி தொடங்கியது. இவையெல்லாம் ஒலிபரப்பியது தட்டிலுள்ள வடிவத்தையே. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மைக் செட்டுக்காரர் போட்டதும் அதையே. பிறகு கேசட் வந்தது. நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிகளிலும் ரிக் வண்டிகளிலும் அது ஊர் ஊராகப் பயணம் செய்தது. நாம் எழுதிக்கொடுத்த பாட்டுகளைக் கடையில் பதிந்து தரும்போது, பக்கத்துக்கு அரை மணி என்ற கணக்கில் நாடா தீர்ந்து, கடைசிப் பாட்டு பாதியில் நின்றுவிடுவதும் உண்டு!

படச்சுருளுக்கும் அதன் துன்பம் இருந்தது. பல கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த சுருள் அறுந்தால், பழுதுபட்ட பகுதியை நீக்கி ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தில் பாட்டும் ஒரு தாவு தாவும்.

எப்படி ஒப்பிடுவது?

மாணவியரே, ஒரு பாட்டின் இரண்டு வடிவங்கள் கிடைத்தால் கீழ்க்கண்ட ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

1. ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம்? கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கவும்.
2. எந்தச் சரணம் அல்லது எந்த வாத்திய இசை கூடுதலாகவோ குறைவாகவோ உள்ளது?
3. பாடியவர் அதே பதிவில் பாடியதா, மறுபடி பாடியதா? மூச்சு விடும் இடத்தையும் சங்கதியையும் கவனித்தால் தெரியும்.
4. படத்தில் பாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன நிகழ்கிறது? அது பாட்டின் பொருளை மாற்றுகிறதா?
5. மாற்றத்துக்குக் காரணம் என்ன? தட்டின் அளவா, கதையின் தேவையா, பிற்காலத்து வெட்டா?

ஐந்தாம் கேள்வியே தலையாயது. காரணம் அறியாமல் "இது நல்லது, அது மட்டம்" என்று தீர்ப்புச் சொல்லுதல் தகாது. மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகத்தின் சாயலைக் காட்டியவரின் திறமை, இருபது நிமிடம் பாடியவரின் திறமைக்குக் குறைந்ததன்று. வெண்பாவின் நான்கு அடியைப் பார்த்து, "இது ஏன் காப்பியமாக இல்லை?" என்று நாம் கேட்பதில்லை அல்லவா?

பாட்டி ஒரு பாட்டை முணுமுணுக்கிறார். கைபேசியில் அப்பாட்டைக் கேட்டுப் பழகிய பேத்தி, "அந்த அடியே பாட்டில் இல்லை, நீங்கள் தப்பாகப் பாடுகிறீர்கள்" என்கிறாள். பாட்டி வாய் மூடிக்கொள்கிறார். ஆனால் அந்த அடியைப் பாட்டி கொட்டகையில் கேட்டிருக்கலாம். பேத்தி கேட்டதோ தட்டிலிருந்து எடுத்த வடிவமாக இருக்கலாம். கைக்கு எட்டியது ஒன்றே என்பதால் உலகில் உள்ளதும் ஒன்றே என்று முடிவு கட்டினால், மூத்தோரின் நினைவுக்கு அநீதி செய்தவர் ஆவோம். அவர் சொல்லும் அடி வேறெங்கும் இல்லாத அடியாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே இவ்விடுமுறையில் வீட்டுப் பரணைச் சற்றுத் தேடுங்கள். பழைய தட்டோ கேசட்டோ கிடைத்தால் எடைக்குப் போட விடாதீர்கள். மேலட்டையிலுள்ள படத்தின் பெயர், பாடியோர் பெயர், தட்டின் எண் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தாத்தா பாட்டியர் பாடினால், நாம் அறிந்த பாட்டோடு ஒத்துப்போகாத அடியையும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுத் திருத்துவது பிறகு ஆகட்டும். முதலில் எழுதி வைப்போம்.