காம்பஸைச் சுற்றிவிட்டால் கோளாறு போய்விடுமா?

கல்யாண மண்டபத்து மொட்டை மாடிகளில் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி இது. மாப்பிள்ளை அழைப்பு தெருமுனைக்கு வந்துவிட்டது, நாதஸ்வரம் கேட்கிறது. ட்ரோன்காரரின் போன் திரையில் காம்பஸ் கோளாறு என்று சிவப்பாக ஓர் எச்சரிக்கை. அவர் ட்ரோனைக் கையில் தூக்கிக்கொண்டு படுக்கைவாக்கில் ஒரு சுற்று, மூக்கைக் கீழே சாய்த்து இன்னொரு சுற்று சுற்றுகிறார். எச்சரிக்கை மறைகிறது, ட்ரோன் மேலே போகிறது. சில நாள் ஒழுங்காகவே பறக்கும். சில நாள் கொஞ்சம் உயரம் போனதும் தானாக வட்டமடிக்கத் தொடங்கி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் போய் விழும். "கேலிபரேட் பண்ணித்தானே ஏத்தினேன்" என்பார். அந்த மாடியில் வைத்துப் பண்ணியதுதான் வினை.

நம்பிக்கை: ஜிபிஎஸ் நன்றாகக் கிடைக்கிறது, இருபது செயற்கைக்கோள் காட்டுகிறது, இனி காம்பஸ் எப்படி இருந்தால் என்ன?

ட்ரோன் எங்கே நிற்கிறது என்பதை ஜிபிஎஸ் சொல்லும். அதன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைச் சொல்லாது. கார் என்றால் போகிற திசைதான் மூக்கு இருக்கும் திசை. ட்ரோன் பக்கவாட்டிலும் போகும், பின்னாலும் போகும், ஒரே இடத்தில் அந்தரத்திலும் நிற்கும். அதனால் திசைக்கு அது காம்பஸைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும்? ட்ரோனின் மூக்கு உண்மையில் வடக்கே பார்க்கிறது. காம்பஸ் 90 டிகிரி பிசகி, கிழக்கே பார்ப்பதாகச் சொல்கிறது என்று வையுங்கள். காற்று ட்ரோனை ஒரு மீட்டர் கிழக்கே தள்ளுகிறது. இடம் நகர்ந்ததை ஜிபிஎஸ் பார்த்து, மேற்கே வா என்கிறது. மூக்கு கிழக்கு என்றால் மேற்கு முதுகுப்பக்கம்தானே என்று ட்ரோன் பின்னால் நகர்கிறது. உண்மையில் அது போவது தெற்கே. இப்போது கிழக்கிலும் விலகல், தெற்கிலும் விலகல். அதைத் திருத்தப் போய் இன்னொரு பக்கம் விலகுகிறது. ட்ரோன் அகலமாகிக்கொண்டே போகும் வட்டங்களில் சுற்றுவதற்குக் காரணம் இதுதான். பிசகு 90 டிகிரியைத் தாண்டினால் வட்டம்கூடக் கிடையாது. திருத்தத் திருத்த விலகி ஓடும். செயற்கைக்கோள் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் இதற்கு மருந்தாகாது.

வயலில் மருந்தடிக்கும் பெரிய ட்ரோன்கள் சிலவற்றில் இரண்டு ஜிபிஎஸ் ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். இரண்டின் இடத்தையும் ஒப்பிட்டால் மூக்கின் திசை கிடைத்துவிடும், காம்பஸ் தேவைப்படாது. கையடக்க ட்ரோனில் அதற்கு இடம் ஏது?

நம்பிக்கை: ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்பும் கேலிபரேட் செய்வது நல்லது. எச்சரிக்கை வந்தால் உடனே, நின்ற இடத்திலேயே செய்துவிட வேண்டும்.

இதுதான் அதிகம் சேதம் செய்யும் நம்பிக்கை. கேலிபரேஷன் என்றால் ட்ரோனுக்கு வடக்கைக் கற்றுக்கொடுப்பது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அதன் வேலை வேறு. ட்ரோனுக்குள்ளேயே இரும்புத் திருகுகள், மோட்டார்க் காந்தங்கள் எல்லாம் உண்டு. ட்ரோன் எப்படித் திரும்பினாலும் இவையும் கூடவே திரும்பும். பூமியின் காந்தப்புலம் மட்டும் திரும்பாது. எல்லாப் பக்கமும் சுற்றிக் காட்டினால், கூடவே சுற்றுகிற பங்கு எவ்வளவு, நிலையாக நிற்கிற பங்கு எவ்வளவு என்று மென்பொருள் பிரித்து, ட்ரோனின் சொந்தப் பங்கைக் கழித்துவிடுகிறது. கடையில் வெறும் பாத்திரத்தை நிறுத்து, அதன் எடையைக் கழித்துவிட்டு எண்ணெய் நிறுப்பதும் இதே கணக்குதான். பாத்திரத்தை நிறுக்கும்போது யாராவது தட்டில் கை வைத்திருந்தால், அதன் பிறகு நிறுக்கும் ஒவ்வொரு கிலோவும் தப்பு.

மொட்டை மாடியில் அந்தக் கை, தளத்துக்குள் ஓடும் கம்பி. ட்ரோன் தளத்துக்கு அருகே வரும்போது ஒரு மாதிரி, தோளுயரத்தில் வேறு மாதிரி அதன் பாதிப்பு இருக்கும். சுற்றும்போது இந்தக் கலப்படமும் கணக்கில் ஏறிவிடுகிறது. கார் பானெட் அருகே, இரும்பு ஷெட்டுக்குக் கீழே, சட்டைப்பையில் போனோடும் சாவிக்கொத்தோடும் சுற்றினாலும் இதே கதைதான். சேலம் கஞ்சமலை போல மேக்னடைட் தாது நிறைந்த பாறைமேடாக இருந்தால் கட்டடமே வேண்டாம், தரையே போதும்.

ஆகவே எச்சரிக்கை வந்தால் முதலில் இடத்தை மாற்றுங்கள். பத்து அடி தள்ளி வையுங்கள். அல்லது பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். காந்தப் பொருளிலிருந்து விலக விலக அதன் பாதிப்பு வேகமாகக் குறையும். சிறிய காந்தமாக இருந்தால் தூரம் இரட்டிக்கும்போது பாதிப்பு எட்டில் ஒரு பங்குதான். பல நேரம் ஸ்டூல் உயரத்திலேயே எச்சரிக்கை காணாமல் போய்விடும்.

எச்சரிக்கையே வராத மாடியிலும் ஒரு பொறி உண்டு. ஸ்விட்ச் போட்ட நொடியில் காம்பஸ் காட்டும் திசையைத்தான் ட்ரோன் தன் தொடக்கத் திசையாக எடுத்துக்கொள்கிறது. கம்பி மேல் நின்றபோது அது 40 டிகிரி தப்பாக இருந்தது என்றால், மேலே போகப் போகக் காம்பஸ் சரியான அளவைக் காட்டத் தொடங்கும். ஆனால் ட்ரோன் திரும்பவே இல்லை என்று, சுழற்சியை அளக்கும் கைரோ சொல்லும். இரண்டில் எதை நம்புவது? அந்தக் குழப்பத்தில்தான் ட்ரோன் சட்டென்று தலையைத் திருப்பும், அல்லது இரண்டையும் நம்பாமல் ஜிபிஎஸ் பிடியை விட்டுவிடும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு, செய்பவர்கள் குறைவு. ஏற்றுவதற்கு முன் செயலியின் வரைபடத்தைத் திறந்து, ட்ரோனைக் குறிக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். ட்ரோனின் மூக்கு எதிரே உள்ள தெருவுக்கு நேராக இருக்க, அம்புக்குறி தெருவுக்குக் குறுக்கே கிடந்தால் ஏற்றாதீர்கள். ஸ்விட்சை அணைத்து, வேறு இடத்தில் வைத்து மறுபடி போடுங்கள்.

அடிக்கடி கேலிபரேட் செய்யச் சொல்பவர்கள் நிறுவனக் கையேட்டை மேற்கோள் காட்டுவார்கள். டிஜேஐ மினி 2 கையேடு சொல்வது: கடைசியாகப் பறந்த இடத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு அப்பால் போனால், 30 நாளுக்கு மேல் பறக்காமல் இருந்தால், எச்சரிக்கை வந்தால். தினம் தினம் என்று அதில் இல்லை. நல்ல திடலில் செய்த கேலிபரேஷனை மோசமான மாடியில் செய்ததைக் கொண்டு அழிப்பது வீண் வேலை.

நம்பிக்கை: ஊர் மாறினால் வடக்கு மாறிவிடும், அதனால்தான் ட்ரோன் தடுமாறுகிறது.

காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடைவெளி உண்டு. ஆனால் சென்னையிலிருந்து கோவைக்குப் போனால் அந்த இடைவெளி மாறுவது ஒரு டிகிரிக்கும் குறைவு. அதைத் திருத்த உலகக் காந்தப்புல மாதிரி என்ற கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். ஜிபிஎஸ் இடம் சொன்னதும் ட்ரோனின் மென்பொருள் அத்தகைய அட்டவணையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். காந்த நிலநடுக்கோடு தென்தமிழகத்தை ஒட்டிப் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கும் அதுதான் காரணம். இங்கே பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா, அதுவும் கிட்டத்தட்டப் படுத்த நிலையில். திசை காட்ட உதவுவது அந்தப் படுத்த பங்குதான். நார்வேயின் டிராம்சோ நகரில் புலம் பெரும்பாலும் தரைக்குள் பாய்வதால் படுத்த பங்கு சுமார் 11 மைக்ரோடெஸ்லாதான். 10 மைக்ரோடெஸ்லா அளவுக்குக் குறுக்கே இழுக்கும் ஓர் இரும்பு, இங்கே காம்பஸை 14 டிகிரி திருப்பினால் அங்கே 42 டிகிரி திருப்பிவிடும்.

நம்பிக்கை: செல்போன் டவரும் மின்கம்பியும் காம்பஸைக் கெடுக்கும்.

டவரில் காம்பஸைக் கெடுப்பது அதன் இரும்புச் சட்டம். அலைகளால் வரும் தொல்லை ரிமோட் இணைப்புக்கு. வழக்கமான மின்கம்பியில் ஓடுவது விநாடிக்கு 100 முறை திசை மாறும் மாறுமின்னோட்டம். அதன் காந்தப் பாதிப்பு சராசரியில் பெரும்பகுதி கழிந்துவிடும். நேர்மின்னோட்டப் பாதை வேறு சமாசாரம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் பாதை முழுத் திறனில், அதாவது 6000 மெகாவாட்டில், ஓடும்போது ஒவ்வொரு பக்கக் கம்பித் தொகுதியிலும் 3750 ஆம்பியர் பாயும். ஒரு தொகுதியை மட்டும் கணக்கிட்டால் 20 மீட்டர் தூரத்தில் 37.5 மைக்ரோடெஸ்லா வருகிறது. பாதைக்கு வெளிப்புறம் மறுபக்கத் தொகுதி அதில் ஒரு பங்கைக் கழிக்கும் என்றாலும், மிச்சமே போதும்.

நம்பிக்கை: சூரியப் புயல் அடிக்கும் நாளில் காம்பஸ் பைத்தியம் பிடித்தாற்போல் சுற்றும்.

2024 மே மாதப் பெரும் புயலில் நம்மைப் போன்ற தாழ் அட்சரேகைப் பகுதிகளில் புலம் குறைந்தது சுமார் 400 நானோடெஸ்லா. 40,000-இல் 400, ஒரு சதவீதம். அதுவும் பெரும்பாலும் வடக்கு-தெற்குத் திசையிலேயே என்பதால் முள் திரும்புவது மிகமிகக் குறைவு. அடி வாங்குவது ஜிபிஎஸ். நம் அட்சரேகையில் புயல் இல்லாமலேகூட, சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் பொழுது சாய்ந்த பிறகு அயனி மண்டலம் கொந்தளித்து ஜிபிஎஸ் சிக்னல் மினுக்கும். ரிசப்ஷன் நேரமும் அதுதான்.

நம்பிக்கை: என்ன ஆனாலும் ரிட்டர்ன் டு ஹோம் பொத்தான் இருக்கிறது.

வீடு எங்கே என்று தெரிந்தாலும், எந்தப் பக்கம் திரும்பினால் வீடு என்று சொல்வது காம்பஸ். வட்டமடிக்கும் ட்ரோனில் அந்தப் பொத்தானை அழுத்தினால் அதே பொய்த் திசையில் இன்னும் வேகமாகக் கிளம்பும். ஜிபிஎஸ் பிடியை விட்டுப் பறக்கும் அட்டி மோட் சுவிட்ச் உள்ள ட்ரோன் என்றால் அதற்கு மாற்றிக் கையால் ஓட்டுங்கள்; காற்றில் மெல்ல நகரும், ஆனால் சொன்னபடி கேட்கும். சுவிட்ச் இல்லாத சிறு ட்ரோன் என்றால் கட்டடத்தை விட்டு விலக்கி, கண்ணை எடுக்காமல், திறந்த இடமாகப் பார்த்து இறக்குங்கள்.

இறக்கிய பிறகு பறத்தல் பதிவில் காந்தப்புல அளவைப் பாருங்கள். முதல் சில மீட்டரில் மட்டும் குதித்து, மேலே ஒழுங்காகியிருந்தால் குற்றவாளி ஏற்றிய இடம். மோட்டார் வேகம் கூடும்போதெல்லாம் கூடினால், பேட்டரி ஒயர் காம்பஸுக்கு அருகில் ஓடுகிறது. சொந்தமாகச் சேர்த்த ட்ரோன்களில் இது சகஜம், ஒயரைத் தள்ளுங்கள் அல்லது காம்பஸைத் தண்டு வைத்து உயர்த்துங்கள். எந்த ஊரில், எந்தத் திடலில் ஏற்றினாலும் அளவு ஒரே மாதிரி பிசகுகிறது என்றால், அப்போது ஒரு காலி மைதானத்துக்குப் போய், போனையும் சாவியையும் தள்ளி வைத்துவிட்டு, ட்ரோனைச் சுற்றுங்கள்.