கரும்பு டிரெய்லர் டயர்களைப் பார்ப்பதும் பழுது நீக்குவதும்

திருநாவலூர் வட்டாரத்தில் கரும்பு வெட்டு உத்தரவு கைக்கு வந்துவிட்டால், விவசாயியின் கவனம் முழுவதும் வெட்டாள், கூலி, டிராக்டர் வாடகை என்று போய்விடுகிறது. கரும்பை ஆலைக்குச் சுமந்து செல்லும் டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பெரியசெவலை செங்கல்வராயன் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் வழியில் ஒரு டயர் வெடித்து டிரெய்லர் நின்றுவிட்டால், வெட்டிய கரும்பு வெயிலில் காய்கிறது. எடைக்குத்தான் பணம். காய்ந்த ஒவ்வொரு மணி நேரமும் விவசாயியின் கணக்கில்தான் குறைகிறது. ஒரு நாளுக்கு மேல் தாமதமானால் சர்க்கரைச் சத்தும் இறங்கத் தொடங்கும். பண நஷ்டத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. பஞ்சர் ஒட்டி மீண்டும் காற்றடிக்கும்போது நேரும் விபத்தில் கையோ உயிரோ போய்விடலாம். இதைப் பற்றிக் கிராமங்களில் போதுமான அளவு பேசப்படுவதில்லை.

சொந்தமாக டிராக்டர் வைத்திராத சிறு விவசாயிக்கும் இந்த விஷயம் பொருந்தும். வாடகை டிரெய்லர் வயலுக்கு வந்தவுடன், கரும்பு ஏற்றுவதற்கு முன்பாக, ஐந்து நிமிடம் சுற்றிவந்து டயர்களைப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. ஏற்றிய பிறகு பார்த்துப் பயனில்லை.

சுமையைத் தாங்குவது காற்று

டிராக்டருக்கு முதலில் இரும்புச் சக்கரமே இருந்தது. அமெரிக்காவில் 1932-ல் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி காற்றடைத்த ரப்பர் டயருடன் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே நிலைமை மாறியது. டயரின் ரப்பரும் நைலான் நூல் அடுக்குகளும் காற்றை அடைத்து வைக்கும் பை மட்டுமே. எட்டு, பத்து டன் கரும்பைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் காற்று. காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடேறி ஒடிவதைப் போல, உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் சூடேறிப் பிரிகின்றன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோடை வெயிலில் தார்ச் சாலை கொதிக்கும்போது இந்த டயர்தான் முதலில் வெடிக்கும்.

டிராக்டரின் பெரிய பின் டயருக்கு வயல் வேலையில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 14 பவுண்டு அழுத்தம் போதுமானது. சாலையில் சுமை இழுக்கும்போது இதைவிடச் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். முன் டயருக்கு இதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தேவைப்படும். டிரெய்லரில் மாட்டும் லாரி டயருக்கோ 100 பவுண்டு அளவில் தேவைப்படலாம். சரியான அளவு டயரின் பக்கச் சுவரிலும் கம்பெனிக் கையேட்டிலும் இருக்கும். அதைப் பின்பற்றுவதே நல்லது. காலால் உதைத்துப் பார்ப்பதும், கட்டையால் தட்டிச் சத்தம் கேட்பதும் காற்றே இல்லாத டயரைக் காட்டிக் கொடுக்குமே தவிர, 100 பவுண்டுக்கும் 70 பவுண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டாது. காற்றுமானி ஒன்றை நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அளப்பது காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பாக இருக்க வேண்டும். ஓடிய டயரில் சூட்டினால் அழுத்தம் ஏறியிருப்பது இயல்பு. அதைக் கண்டு பயந்து காற்றை இறக்கிவிடும் வழக்கம் சில டிரைவர்களிடம் உள்ளது. இது தவறு. டயர் ஆறியதும் காற்று தேவைக்கும் கீழே போய்விடும்.

ஏற்றுமுன் பார்க்க வேண்டியவை

பட்டன் தேய்ந்திருக்கும் விதமே பல செய்திகளைச் சொல்லும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மிஞ்சியிருந்தால் காற்றுக் குறைவு அல்லது சுமை அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கிறது, அல்லது பேரிங் ஆட்டம் கண்டிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் புது டயர் வாங்கிப் போட்டாலும் அதுவும் அப்படியே தேயும். முதலில் அச்சைச் சரிசெய்ய வேண்டும்.

பக்கச் சுவரில் புடைப்பு தெரிந்தால் அந்த டயரில் சுமை ஏற்றவே கூடாது. உள்ளே நூல் அறுந்து, வெளி ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கி நிற்கிறது என்பதே அதன் பொருள். வெட்டுக் காயத்தின் வழியே நூல் தெரிந்தாலும் அப்படியே. இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே கல் சிக்கியிருந்தால் எடுத்துவிட வேண்டும். இரட்டையில் உள் டயரைத்தான் எவரும் பார்ப்பதில்லை. அதில் காற்று இல்லாவிட்டால் வெளி டயர் இரண்டு டயரின் சுமையையும் சேர்த்துச் சுமக்கும். வால்வு மூடி இல்லாமல் ஓட்டுவது அற்பமாகத் தோன்றலாம். கரும்பு வயல் சேறு வால்வுக்குள் போனால் காற்றுக் கசிவு அங்கேதான் தொடங்கும்.

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் லாரி போன்ற வாகனங்களின் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கின்றன. பட்டன் பள்ளத்தின் அடியில் சிறு மேடாக உள்ள தேய்மானக் குறி, மேற்பரப்புக்குச் சமமாக வந்துவிட்டால் டயரை மாற்றும் காலம் வந்துவிட்டது. உண்மையில், மழையில் நனைந்த சாலையில் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிக்கு அந்த எல்லை வரை காத்திருப்பது சரியல்ல.

லாரி கழித்த டயர்

பல டிரெய்லர்களில் ஓடுவது லாரிக்காரர்கள் கழித்துவிட்ட டயர். விலை குறைவு என்பதால் வாங்குகிறார்கள். வாங்குவதே தவறு என்று சொல்லிவிட முடியாது. சிறு விவசாயியின் கையிருப்பு அவ்வளவுதான். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் நிறைய இருந்தும் ரப்பர் பொடிப்பொடியாக வெடித்திருந்தால் அது வயதான டயர். டயரை விரித்து உள்பக்கம் கையை ஓட்டிப் பார்க்க வேண்டும். மடிப்பு, கருகிய தூள், பழைய பெரிய ஒட்டு, விளிம்பில் வெளியே நீட்டும் எஃகுக் கம்பி இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தேய்ந்த டயரில் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி, பட்டன் இருப்பதைப் போல் காட்டி விற்பதும் நடக்கிறது. பள்ளத்தின் அடியில் நூல் தெரிகிறதா, மேலே எவ்வளவு ரப்பர் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். முறையாக ரீட்ரெடிங் செய்த டயர் வேறு. உள்கூடு நன்றாக இருக்கும் டயரில் செய்யப்பட்டிருந்தால் அது நம்பத் தகுந்தது. டிராக்டரின் முன் சக்கரத்துக்கு மட்டும் அதைத் தவிர்ப்பது நல்லது. முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கைமீறிப் போகும்.

ஒரே அச்சில் அளவு மாறிய டயர்களை, அல்லது புதியதையும் மிகத் தேய்ந்ததையும் ஜோடியாகப் போடக் கூடாது. உயரமான டயரே சுமை முழுவதையும் வாங்கும்.

லாக் ரிங் என்னும் ஆபத்து

டியூப் போட்ட லாரி டயரின் ரிம் பெரும்பாலும் ஒரே துண்டு அல்ல. ஒரு பக்கத்தில் தனி வளையம் இருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது லாக் ரிங். இந்த வளையம் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருக்கும்போது 100 பவுண்டு காற்று ஏற்றினால், ரிம்மின் பக்கவாட்டில் தள்ளும் விசை பத்து டன்னையும் தாண்டும். வளையம் தெறித்தால் பீரங்கிக் குண்டு போலப் பாயும். எதிரில் நிற்பவர் தப்ப நேரம் கிடைக்காது. அமெரிக்காவில் 1980-ல் இந்த வகை ரிம்களைக் கையாளுவதற்கென்றே தனிப் பாதுகாப்பு விதி கொண்டுவரப்பட்டது. பயிற்சி பெற்றவர்தான் வேலை செய்ய வேண்டும், இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்பன அதன் முக்கிய அம்சங்கள்.

நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் சக்கரத்தைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஒருவர் ஏறி நின்றுகொண்டு காற்றடிப்பதைக் காணலாம். வளையம் தரைப் பக்கம் இருந்தால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். வளையம் தெறித்தால் சக்கரமே மேலே எழும்பும். நிற்பவரையும் தூக்கி எறியும். கூண்டு வைத்திருக்கும் கடைக்குச் சில கிலோமீட்டர் கூடுதலாகப் போக நேர்ந்தாலும் போவதே சரி.

வேலையின் வரிசையும் முக்கியம். சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்துவதற்கு முன்பே வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும். இரட்டைச் சக்கரமானால் இரண்டிலும். ஒரு கம்பியை வால்வுத் துளைக்குள் விட்டு அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது. வளையத்தையும் பள்ளத்தையும் கம்பித் தூரிகையால் துருப் போகத் தேய்க்க வேண்டும். விரிசல் கண்ட, வளைந்த, துருவில் மெலிந்த வளையத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். வேறு ரிம்மின் வளையத்தைச் சுத்தியலால் அடித்துப் பொருத்துவது தற்கொலைக்குச் சமம்.

மாட்டிய பின் முதலில் சிறிதளவே காற்று விட்டு, வளையம் சுற்றிலும் ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உட்காரவில்லையானால் காற்றை முழுவதும் இறக்கிவிட்டுத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். காற்று இருக்கும் நிலையில் சுத்தியலால் தட்டக் கூடாது. காற்றுக் குழாய் நீளமாக, வால்வில் தானே கவ்விக்கொள்ளும் முனையுடன் இருந்தால், சக்கரத்தின் முகத்துக்கு நேரே நிற்காமல் பட்டன் பக்கமாகத் தள்ளி நின்று அடிக்கலாம். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

காற்று இல்லாமலோ மிகக் குறைந்தோ ஓடிவந்த டயருக்கு அப்படியே காற்றடித்து அனுப்புவதும் ஆபத்தே. கழற்றி உள்பக்கம் பார்த்த பிறகுதான் அடிக்க வேண்டும். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைக்கவே கூடாது. காற்றை இறக்கிவிட்டோமே என்று சமாதானம் சொல்ல முடியாது. சூட்டில் ரப்பரிலிருந்து கிளம்பும் வாயு உள்ளே தீப்பற்றி டயர் வெடிக்கும். விளிம்பு உட்காரவில்லை என்று பெட்ரோல் தெளித்துக் கொளுத்துவதும் இதே வகை.

வழியில் டயர் மாற்றுதல்

மடப்பட்டுப் பக்கம் நான்கு வழிச் சாலையில் டயர் போனால், கூடிய மட்டும் சாலையை விட்டு இறக்கி நிறுத்த வேண்டும். மற்றச் சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை கொடுத்து, ஜாக்கிக்குக் கீழே அகலப் பலகை வைக்க வேண்டும். ஈர மண்ணில் பலகையில்லாத ஜாக்கி புதைந்து சாயும். சாய்வான இடமாக இருந்தால் கரும்பை இறக்கிவிட்டே தூக்குவது நல்லது. இறக்கி ஏற்றும் கூலியைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வண்டி சரிந்தால் அதற்குக் கணக்கே இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, முதல் நடை முடிந்ததும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இரவில் எச்சரிக்கைக்காகச் சுற்றிலும் கல் அடுக்கி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் கல்லை அப்படியே சாலையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்து வரும் சைக்கிள்காரருக்கும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் அது எமன். டிரெய்லருக்குப் பின்னால் தொங்கும் கரும்புத் தோகை சிவப்பு விளக்கை மறைத்துவிடுவதும் உண்டு. ஒளிரும் பட்டையை மறைவில்லாத இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

டிராக்டரின் பின் டயர்

இழுவைக்காகப் பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால், முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. மேலே காற்றுக்கு இடம் வேண்டும். குளிர் நாடுகளில் உறையாமலிருக்க இதில் உப்பு கலப்பார்கள்; இங்கே வெறும் தண்ணீர் போதும். தண்ணீருடன் அந்தச் சக்கரத்தைக் கழற்ற முயன்றால் எடை தாங்காமல் ஆள் மேல் சாயும். முதலில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

பஞ்சர் ஒட்டி மாட்டும்போது பட்டன் திசை மாறிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பின்னால் நின்று பார்த்தால் பட்டன்களின் கூர் மேல் நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் சேறு கழலாது, இழுவை குறையும், டீசல் செலவு கூடும்.

மாட்டு வண்டியின் டயர்

டயர் வண்டிகள் சிலவற்றில் ரிம் இரண்டு பாதிகளாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். சக்கரத்தைக் கழற்ற வேண்டியவர், காற்று இருக்கும்போதே அந்த இணைப்பு நட்டைத் தவறுதலாகத் தளர்த்திவிட்டால் ரிம் இரண்டாகப் பிளந்து தெறிக்கும். அந்த நட்டுகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்தால் குழப்பம் வராது. காற்று குறைந்த டயரில் வண்டி இழுப்பது மாட்டுக்கும் பெரும் பாரம். கழுத்துப் புண்ணுக்கு இதுவும் ஒரு காரணம்.

அரவைக் காலம் முடிந்த பின்

டிரெய்லரை நிழலில் நிறுத்தி, அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்து, டயரில் பாரம் இல்லாமல் வைக்கலாம். டீசலும் கிரீஸும் சிந்திய தரை கூடாது. இவை ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். மோட்டார், வெல்டிங் இயந்திரம் ஓடும் கொட்டகையில் டயரை அடுக்கினால், அங்கு உண்டாகும் ஓசோன் வாயுவால் ரப்பர் வெடிக்கும்.

கழித்த டயரைக் களத்து மேட்டில் போட்டு வைத்தால் மழைநீர் தேங்கி டெங்குக் கொசு பெருகும். வெல்லம் காய்ச்சும் அடுப்பில் அதை எரிப்பது இன்னும் கெடுதல். அந்தப் புகை கொப்பரையைச் சுற்றி நிற்பவர்களின் நுரையீரலுக்குத்தான் போகும். பழைய டயர் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிடலாம். அதற்கு முன் பக்கச் சுவரை இரண்டு இடத்தில் அறுத்துவிட்டால், அதே டயர் இன்னொருவர் டிரெய்லருக்கு விலைக்கு வராது.